ரம்பத்துக்குப் பின்னால் நாலடி

பவானியில் ஒரு தச்சுப் பட்டறைக்குப் போய்க் கதவுக்கு அளவு சொல்கிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், கைப்பிடி எதுவென்று கேட்பார்கள், வட்ட ரம்பம் ஓடத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ரம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்று பலகையைத் தள்ளுகிற மேஸ்திரி அவர்கள் கண்ணில் படுவார். அந்தப் பக்கம் நின்று பலகையை வாங்குகிற பையன் படமாட்டான். அறுபட்டு வரும் இரண்டு துண்டையும் கீழே சாயவிடாமல் ஏந்திக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று தெரியாமலேயே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குவதுதான் அவனுடைய வேலை. "நேராப் புடி கண்ணு", "இழுக்காத சாமி", "உட்றாத, உட்றாத" என்று மேஸ்திரி குரல் கொடுப்பார். "சரிங்ணா" என்ற பதில் மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. சம்பள நோட்டில் அவன் ஹெல்பர். உண்மையில் அவன் செய்துகொண்டிருப்பது ஒரு மேசையின் வேலை. அந்த மேசையைச் செய்து வைத்தால் அவனை அங்கிருந்து விலக்கிவிடலாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். இடம் இல்லாத பட்டறைக்கும் அது முடியும்; மடக்கி வைக்கிற மாதிரி செய்தால் போதும்.

வட்ட ரம்பத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. முன்பக்கத்தில் பல் மேலிருந்து கீழே இறங்குகிறது. மரத்தை மேசையோடு அழுத்தி வைக்கிறது. பின்பக்கத்தில் அதே பல் மேசைக்கு அடியிலிருந்து மேலே ஏறி வருகிறது. 10 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் பல்லின் நுனி நொடிக்கு 40 மீட்டர் ஓடும். மணிக்கு 144 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஏறி வருகிற பல்லில் மரம் உரசிவிட்டால் பல் மரத்தைத் தூக்கி, தள்ளுகிறவர் மேலேயே வீசும். மேஸ்திரியின் வயிற்றிலும் இடுப்பிலும் அடிபடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

எப்போது உரசும்? அறுத்த பிளவு பின்னால் மூடிக்கொள்ளும்போது. மரம் தனக்குள் ஓர் இறுக்கத்தை வைத்திருக்கிறது. அறுத்ததும் அது விடுபட்டு, இரண்டு பாதியும் ஒன்றையொன்று நோக்கி வளையலாம். வேம்பு, வாகை மாதிரியான நாட்டு மரங்களில், அதிலும் சரியாகக் காயாத பலகையில், இதை எந்தத் தச்சரும் பார்த்திருப்பார். பின்னால் நிற்கிறவன் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்தாலும் பிளவு மூடும். சேர்த்துப் பிடிப்பதுதான் கைக்கு இயல்பு. பிரித்துப் பிடி என்று யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். பிளவு மூடாமல் இருக்க ரம்பத்தை ஒட்டிப் பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும். பல பட்டறைகளில் அது இருக்காது, அல்லது இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருப்பார்கள். அதற்குப் பதிலாகப் பிளவுக்குள் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகுவார்கள். அந்த ஆப்பைச் செருகுகிறவனும் பின்னால் நிற்கிற பையன்தான். செருகுவதற்கு அவன் குனிந்து ரம்பத்துக்குக் கிட்டே வந்தாக வேண்டும்.

இனி எடையின் கணக்கைப் பார்க்கலாம். கதவுக்கான பலகை ஏழடி என்று வைத்துக்கொள்வோம். ரம்பத்தின் பின்பல்லுக்கு அப்பால் இரும்பு மேசை ஓரடி நீண்டிருக்கிறது. பலகையின் நடுப்பகுதி, அதாவது மூன்றரை அடி, மேசை விளிம்பைத் தாண்டியதும் பலகை அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். அந்த நேரத்தில் இன்னும் இரண்டரை அடி அறுக்க வேண்டியிருக்கிறது. மேஸ்திரி என்ன செய்வார்? பலகையின் வாலை அழுத்திப் பிடிப்பார். ஒரே கை தள்ளவும் வேண்டும், அழுத்தவும் வேண்டும். வால் குட்டையாகக் குட்டையாக அந்தக் கை ரம்பத்தை நெருங்கிக்கொண்டே இருக்கும். இதனால்தான் பின்னால் ஓர் ஆள் தேவைப்படுகிறது. மேஸ்திரியின் விரலைக் காப்பாற்றப் பையனின் விரலை அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறோம்.

மோட்டார் வருவதற்கு முன்னாலும் மரம் அறுக்க இரண்டு ஆள் வேண்டும். மரத்தைச் சாரத்தில் ஏற்றி வைத்து ஒருவர் மேலே நிற்பார், ஒருவர் கீழே நிற்பார். நீள ரம்பத்தின் இரண்டு பிடியையும் இருவரும் மாறி மாறி இழுப்பார்கள். மேலே நிற்கிறவர் கோட்டைப் பார்த்து ஓட்டுவார். கீழே நிற்கிறவர் முகமெல்லாம் மரத்தூள். சுகமான வேலை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் கீழாளும் அறுப்பாளிதான். அவர் இழுக்காவிட்டால் ரம்பம் நகராது. அவர் மூச்சுக்கும் மேலாளின் மூச்சுக்கும் ஒரு கணக்கு இருந்தது. கூலியிலும் பேச்சிலும் அவருக்கு ஓர் இடம் இருந்தது.

1930களில் பைக்காராவிலிருந்தும் மேட்டூரிலிருந்தும் மின்சாரம் இந்தச் சீமைக்கு வந்தது. 1937இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்த முதல் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். கிணற்றில் கவலை இறைத்த மாடுகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன, ஆலைகள் பெருகின, பின்னால் பட்டறைகளுக்கும் மோட்டார் போயிற்று. கொங்கு நாட்டின் வளமே இந்த மோட்டாரிலிருந்து வந்தது என்று சொல்லலாம். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் மரம் அறுக்கிற இடத்தில் மோட்டார் இன்னொன்றையும் செய்தது. இழுக்கிற வேலையை அது எடுத்துக்கொண்டது. இரண்டாவது ஆளை மட்டும் அங்கேயே விட்டுவிட்டது. அவர் இப்போது அறுப்பாளி இல்லை. பலகை சாயாமல் தாங்குகிற ஒரு முட்டு.

வேறு இடங்களில் இதற்கு வேறு வழி கண்டார்கள். 1906இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் அல்டென்டார்ஃப், மரத்தைச் சுமந்துகொண்டு தானும் நகர்கிற மேசையை ரம்பத்தோடு சேர்த்தார். இன்று ஈரோட்டிலும் கோவையிலும் பெரிய ஃபர்னிச்சர் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பேனல் ஸா அந்த வழியில் வந்ததுதான். அதற்குப் பெரிய கூடம் வேண்டும், பெரிய பணம் வேண்டும். தெருவை ஒட்டி ஒரே அறையில் நடக்கிற பட்டறைக்கு அது ஆகாது.

அந்தப் பட்டறைக்கு ஆகிற ஒரு விஷயம் பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் வட்ட ரம்பத்துக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதலில் இருக்கிறது. அறுத்த மரத்தை வாங்குவதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதாக இருந்தால், ரம்பத்திலிருந்து பின்மேசையின் கடைசி விளிம்பு வரை 1200 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அந்த ஆள் அந்த விளிம்புக்கு அப்பாலேயே நிற்க வேண்டும். 1200 மில்லிமீட்டர் என்பது நாலடிக்கு முக்கால் அங்குலம் குறைவு. எந்த மனிதரும் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் ரம்பத்தைத் தொட முடியாத தூரம். பின்மேசை என்றால் நம் பட்டறைகளில் மரத்துக்கு வசதி என்றுதான் நினைக்கிறார்கள். இந்த விதியை எழுதியவர்கள் நினைத்தது மரத்தை இல்லை, மரத்தை வாங்குகிறவனை.

அந்த நாலடியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஏழடிப் பலகை முழுதாக அறுபட்டு வெளியே வரும்போது அதன் நடு, ரம்பத்திலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். பின்மேசை நாலடி. ஆகவே பலகை சாயாது, மேசைமேலேயே கிடக்கும். பின்னால் ஆளே வேண்டாம். எட்டடி பிளைவுட்டுக்கு நடு சரியாக விளிம்பில் வந்து நிற்கும். அதற்கு மட்டும் ஓர் ஆள் வந்து விளிம்புக்கு அப்பால் நின்று தாங்கினால் போதும். பவானிப் பட்டறை ஒன்றில் கிழிக்கிற மரத்தில் பெரும்பகுதி ஏழடிக்குள் அடங்கிவிடும். நாலடி மேசை ஒன்று இருந்தால் அந்தப் பையன் பெரும்பாலான நேரம் பின்னால் நிற்கவே வேண்டியதில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 21ஆம் பிரிவு ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வைக்கச் சொன்னது. 23ஆம் பிரிவு ஆபத்தான இயந்திரங்களில் இளவயதினரைப் பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் நிறுத்தக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் மின்சாரத்தில் ஓடுகிற இடம் தொழிற்சாலை ஆவதற்கு அங்கே பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும் என்று அது கணக்கு வைத்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தக் கணக்கை இருபதாக உயர்த்தியது. மூன்று பேரும் ஐந்து பேரும் வேலை செய்கிற பட்டறை இரண்டுக்கும் வெளியேதான் இருக்கிறது. ரம்பத்தின் பல் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சுற்றுவதில்லை. இந்த எண்ணிக்கை உயர்த்தப்பட்டது தவறு என்பது என் முடிவு.

விரல் போன பிறகு என்ன என்பதற்கும் சட்டத்தில் கணக்கு உண்டு. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, எந்த விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது. கட்டைவிரலுக்கு 30. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. எலும்பு போகாமல் சுட்டுவிரலின் நுனி மட்டும் அறுந்தால் 5. அந்த அட்டவணையை வாசித்தபோது எனக்குத் தச்சர்களின் கைகள்தான் நினைவுக்கு வந்தன. உளி பிடிக்கிற கைக்கு எந்த விரல் எத்தனை சதவீதம் என்று தச்சரைக் கேட்டு எழுதியிருந்தால் அந்த எண்கள் வேறாக இருந்திருக்கும். வேலை பழகிக்கொண்டிருக்கிற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்குச் சுண்டுவிரல் நுனி போனாலும் இழைப்புளியில் இருக்கிற பிடி மாறிவிடும்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பின்னால் நிற்கிறவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். "இழுக்காத சாமி" என்ற எச்சரிக்கை அவருக்கு வெறும் சத்தம். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் அந்த நேரத்தில் இருவர் கண்ணும் ரம்பத்தின்மேல் இருக்கும். நூல் பிசகினால் ரத்தம் வருகிற ஒரு வேலையை, ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத இரண்டு பேர் கையில் கொடுத்திருக்கிறோம். மேசைக்கு மொழி தேவையில்லை.

பவானி தறிகளின் ஊர். 2005-06இல் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே குழித்தறியில் ஜமக்காளம் நெய்துகொண்டிருக்கிறார்கள். குழித்தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெய்து முடித்த ஜமக்காளத்தை யாரும் கையில் ஏந்திக்கொண்டு நிற்பதில்லை. நெசவாளரின் மடிக்கு எதிரே படமரம் இருக்கிறது. நெய்ய நெய்ய அதில் சுற்றிக்கொள்கிறார்கள். அகலமான ஜமக்காளத்துக்கு இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து நெய்வார்கள், நாடா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். அப்படி இரண்டு பேர் உட்கார்ந்தாலும் இருவரும் நெசவாளர்கள். துணியைப் பிடித்துக்கொள்ளவே ஒருவர் என்று தறியில் இடம் கிடையாது. தறியை முதலில் யோசித்தவர் பாவு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நெய்த துணி எங்கே போகும் என்பதையும் யோசித்திருக்கிறார். அந்தப் படமரத்தை உருட்டிக் கொடுத்ததும் தச்சரின் கைதான். அதே கை தன் ரம்பத்துக்குப் பின்னால் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பட்டறைக்காரர்களிடம் கேட்டால் முதலில் வருகிற பதில் நியாயமானது. "எடமில்லீங்க. பொறத்தால ஆளு நடக்கோணும், பலகை சாத்தோணும், கதவு ஒட்டி வெக்கோணும்." உண்மை. பத்தடி அகலக் கடைக்குள் நாலடி மேசையை நிரந்தரமாகப் போட முடியாது. அதனால்தான் மடக்கு மேசை. ஆனால் மடக்கு மேசையில் ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. அதைச் சரியாகத் தீர்க்காமல் செய்தவர்கள்தான் இரண்டு வாரத்தில் அதைக் கழற்றி மூலையில் போடுகிறார்கள்.

ரம்பத்தின் பின்பல்லிலிருந்து நாலடி, அதாவது 48 அங்குலம் வேண்டும். இரும்பு மேசை 12 அங்குலத்தைக் கொடுத்துவிடுகிறது. மீதி 36. ரம்ப மேசையின் உயரம் 34 அங்குலம் என்று கொள்வோம். 36 அங்குலப் பலகையைக் கீலில் தொங்கவிட்டால் அது தரையில் இடிக்கும். பின்பக்கம் வேறு மோட்டார் துருத்திக்கொண்டிருக்கும், பெல்ட் ஓடும், பலகையை அணைத்துத் தள்ளுகிற வேலிச்சட்டம் ஓடுகிற கம்பி நீண்டிருக்கும். பலகை அவற்றோடு ஒட்டித் தொங்க முடியாது. இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வு உண்டு. முதல் 8 அங்குலத்தை மடங்காத பலகையாக ரம்பத்தின் சட்டத்தோடு ஆங்கிள் வைத்து இறுக்கிவிட வேண்டும். அதன் விளிம்பிலிருந்து 28 அங்குலப் பலகை கீலில் தொங்க வேண்டும். 12, 8, 28: மொத்தம் 48. தொங்கும்போது தரைக்கும் பலகைக்கும் நடுவே ஐந்து அங்குலம் இருக்கும்; துடைப்பம் உள்ளே போகும். அந்த 8 அங்குல இடைவெளியில் மோட்டார் மூச்சு விடும், தூள் விழும்.

கீல் அடிப்பக்கம் வர வேண்டும். மேல்பக்கம் கீலின் முளை அரை நூல் எழும்பியிருந்தாலும் பலகையின் முனை அங்கே முட்டி நிற்கும், முட்டி நிற்கிற பலகையை மேஸ்திரி இன்னும் அழுத்தித் தள்ளுவார், அங்கேதான் பிசகும். கீலைத் திருகாணியில் மட்டும் நிறுத்தாமல் போல்ட் போட்டு, தலையை மேல்பலகைக்குள் பதித்துவிடுவது நல்லது. பலகை தொய்யாமல் இருக்க அடியில் இரண்டங்குல ரீப்பர் அடிக்கிறோம் அல்லவா, அதைக் கீலை ஒட்டி அடிக்கக்கூடாது. மூன்று அங்குலம் தள்ளி அடிக்க வேண்டும். இல்லையென்றால் மடக்கும்போது இரண்டு ரீப்பரும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பலகை பாதியிலேயே நிற்கும்.

மட்டம்தான் இந்த வேலையின் உயிர். பின்மேசை இரும்பு மேசைக்கு அரை நூல் தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக வைத்தால் மழைக்காலத்தில் பிளைவுட் கொஞ்சம் ஊதினாலும் மேலே எழும்பிவிடும். இரண்டு நூல் தாழ்ந்தால் பலகை தலை குனிந்து, வால் எழும்பும். நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை இரும்பு மேசையிலிருந்து பின்மேசையின் கடைசி வரை வைத்து, மூன்று இடங்களில் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முறுக்க வேண்டும். பலகையின் முன்விளிம்பை இழைப்புளியால் சாய்த்துவிட்டால் மரம் தட்டாமல் ஏறிக்கொள்ளும். இரும்பு மேசையில் குறுக்கு வெட்டுக்கான கேஜ் ஓடுகிற காடி இருந்தால் அந்தக் காடியைப் பின்மேசையிலும் நீட்டிவிட வேண்டும், அகலம் கொஞ்சம் கூடுதலாக. மேலே சன்மைக்கா ஒட்டி மெழுகு தேய்த்தால் பலகை தானாக வழுக்கிப் போகும்.

கால்தான் பலர் தடுமாறுகிற இடம். மேசையின் கால் 33 அங்குலம் வர வேண்டும். மடங்குகிற பலகையோ 28 அங்குலம். காலைப் பலகைக்கு அடியில் மடக்கினால் ஐந்து அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு மேல்பலகையில் இடிக்கும். தனியாகக் கழற்றி வைக்கிற கால் என்றால் ஒரு நாள் அது காணாமல் போகும். காணாமல் போன அன்றே பையன் மறுபடியும் பின்னால் வந்து நிற்பான். அதனால் குழாய்க்குள் குழாய் போகிற கால்தான் சரி. ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய்க்குள் ஒன்றேகால் அங்குலக் குழாய், இரண்டும் இருபது அங்குலம், குறுக்கே ஒரு முளை. நீட்டினால் தரையைத் தொடும், சுருக்கினால் பலகைக்குள் அடங்கும். பவானியிலும் காவிரிக்கு அக்கரையில் குமாரபாளையத்திலும் விசைத்தறிக்கு வேலை செய்கிற வெல்டிங் பட்டறைகள் நிறைய. இது அவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. காலின் அடியில் ஒரு போல்ட் வைத்தால் தரை எப்படி இருந்தாலும் மட்டம் பிடித்துக்கொள்ளலாம். யாராவது இடித்துக் கால் மடங்கிவிடாமல் இருக்கக் காலுக்கும் பலகைக்கும் இடையே ஒரு பட்டையும் கொண்டியும் வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடக்கூடாது. ரம்பம் ஓடும்போது மேசை மடங்கினால் மேசை இல்லாததைவிட மோசம்.

எல்லாம் முடிந்ததும் ரம்பத்தை மேசைக்குக் கீழே இறக்கிவிட்டு, மோட்டாரைப் போடாமல், ஏழடிப் பலகை ஒன்றை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தள்ளிப் பார்க்க வேண்டும். எங்கே தட்டுகிறதோ அங்கே இழைக்க வேண்டும். தட்டாமல் போய்க் கடைசியில் தானாகக் கிடக்கிறதா என்று பார்த்த பிறகு பல்லை மேலே ஏற்றலாம். பொருளில் பாதி எந்தப் பட்டறையிலும் மூலையில் கிடக்கிற துண்டு பிளைவுட்டும் ரீப்பரும்தான்.

ரோலர் ஸ்டாண்டு வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது நல்லது. ஆனால் கொஞ்சம் கோணலாக வைத்தால் ரோலர் பலகையைப் பக்கவாட்டில் இழுக்கும். இழுத்தால் பிளவு ரம்பத்தில் உரசும். நீளமான பலகையின் முனை தாழ்ந்து வந்து அதைத் தள்ளியும் விடலாம். அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் கண்டுபிடித்த ஸாஸ்டாப் ரம்பம், தோல் பட்ட சில மில்லி நொடிக்குள் பல்லை நிறுத்திவிடும். 2004 முதல் விற்பனையில் இருக்கிறது. மகத்தான கண்டுபிடிப்பு. ஒரு நாள் எல்லாப் பட்டறைக்கும் அது வர வேண்டும். அதன் விலை இங்கே சின்னப் பட்டறைக்கு எட்டாது. எட்டினாலும் அது நிறுத்துவது தொட்ட பிறகுதான். தொடுகிற தூரத்தில் ஆளே இல்லாமல் செய்வது பலகையாலும் கீலாலும் இன்றைக்கே முடியும்.

இந்த மேசை வந்தால் பையனின் வேலை போய்விடாதா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் ஆள் சம்பளம் மிச்சம் என்று நினைக்கிற முதலாளியும் இருப்பார். ஆனால் பின்னால் நிற்கிறவனுக்குத் தொழில் வருவதே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். வேலிச்சட்டத்தை எத்தனை நூலில் வைக்கிறார்கள், எந்தப் பக்கத்தைச் சட்டத்தோடு அணைக்கிறார்கள், மரத்தின் ஓட்டம் பார்த்து எந்த முனையை முதலில் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் ரம்பத்துக்கு இந்தப் பக்கம் நடக்கிறது. அந்தப் பக்கம் வருவது அறுந்த மரம் மட்டும்தான். எத்தனை வருடம் நின்றாலும் அங்கிருந்து அவன் கற்றுக்கொள்வது பயத்தைத் தவிர அதிகமில்லை. மேசை அவனை விடுவித்தால் அவன் இந்தப் பக்கம் வரலாம். கோடு போடலாம், காடி எடுக்கலாம், கழுந்து வெட்டப் பழகலாம். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து ஒரு நாள் தானே பலகையைத் தள்ளலாம். தச்சுக்குப் புதிதாக ஆள் வரவில்லை என்று எல்லாப் பட்டறையிலும் புலம்புகிறார்கள். வந்த ஆளை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

மேசை இருந்தும் எட்டடி பிளைவுட்டுக்கு ஆள் வந்து நிற்கத்தான் வேண்டியிருக்கும். அப்போது அவர் விளிம்புக்கு அப்பால் நிற்க வேண்டும். இழுக்கக்கூடாது, தாங்க மட்டும் வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கக்கூடாது. ரம்பம் நின்ற பிறகுதான் உள்ளே கை நீட்ட வேண்டும். இந்த நாலு வார்த்தையை வந்த முதல் நாளே, அவருக்குப் புரிகிற மொழியில், நின்று காட்டிச் சொல்லித்தர வேண்டும். கழற்றி வைத்த தகட்டை ரம்பத்துக்குப் பின்னால் மறுபடியும் மாட்ட வேண்டும். பின்மேசை அந்தத் தகட்டின் வேலையைச் செய்யாது.

கொங்கு நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் நிலை வைக்க நாள் பார்ப்பார்கள். அன்றைக்குத் தச்சருக்கு வேட்டி துண்டு வைத்து, வெற்றிலை பாக்கோடு தட்சிணை கொடுத்து மரியாதை செய்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நிலைக்கும் கதவுக்கும் மரம் அறுக்கக் கொடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுக்கப் போகும்போது ரம்பம் ஓடுகிறவரை வாசலுக்கு வந்துவிடாமல் உள்ளேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். ரம்பத்திலிருந்து அவர் கை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நாலடிக்குக் குறைவாக இருந்தால் மேஸ்திரியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். கதவுக்குப் பேசிய தொகையோடு, ஒரு பலகைக்கும் இரண்டு கீலுக்கும் ஏழடிச் சதுரக் குழாய்க்கும் உள்ள பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, உங்கள் வீட்டு மரம் அறுபடுவதற்கு முன்னால் அந்த மேசையைச் செய்துவிடச் சொல்லுங்கள்.